ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

இது நடந்தது. செகந்திராபாத் லோத்குண்டாவில், ராணுவ நிலத்து மதிலை ஒட்டிய தெருவில், போன ஏப்ரலில் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும், புளியமரம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டுக்குப் போனதில்லை. நம்ப வேண்டாம் என்று தோன்றினால் நம்ப வேண்டாம். ஆனால் கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் நம்பாமல் இருங்கள்.

வீட்டில் மூன்று பேர். அம்மா லலிதாம்பாள். மகன் அச்யுத், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் ஸ்ரேயா. அப்பா பாலாநகர் தொழிற்சாலையில் விமான ரேடியோக்களைச் சோதித்துப் பார்த்தவர். காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு விமானப் பைத்தியமும். வீடு பிள்ளைக்கு, பைத்தியம் பெண்ணுக்கு என்று அம்மா சொல்வாள்.

ஸ்ரேயாவுக்கு பைலட் ஆக வேண்டும். ஒரு விமான கம்பெனியின் பயிற்சித் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் சிமுலேட்டர் என்கிற பாவனை விமானத்தில்தான். குறுக்குக் காற்றில் இறக்கும்போது சக்கரம் ஓடுபாதையை விட்டு வெளியே போய்விட்டது. மூன்று முறைக்கு மேல் அனுமதி கிடையாது. மூன்றாவது முறை மே மாதத்தில். அதிலும் தோற்றால் அந்தக் கதவு அவ்வளவுதான்.

"வீட்டுலயே காக்பிட் கட்டித் தர்றேன். கண்ணுல மாட்டிண்டா நிஜ விமானம் மாதிரியே இருக்கும். அப்பவும் தோத்தா, அது உன் தலையெழுத்து" என்றான் அச்யுத்.

"ஆறுதல் சொல்ற லட்சணத்தைப் பாரு" என்றாள் அம்மா.

அச்யுத் அப்படித்தான். அன்பையும் குத்திக் காட்டித்தான் கொடுப்பான். ஆனால் சாமான் தேர்ந்தெடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. செகந்திராபாத் சி.டி.சி. கம்ப்யூட்டர் கடைகளில் இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கினான். இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று நொடிக்குத் தொண்ணூறு தரம் வரைய வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தலை சுற்றும், குமட்டும். கிராஃபிக்ஸ் கார்டைக் கையில் வாங்கி எடை பார்த்தான். அதற்கு மதர்போர்டு பொருந்துமா, இரண்டுக்கும் இந்த பவர் சப்ளை தாங்குமா, இந்த ரேம் அந்த பிராசஸரோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரனின் உயிரை எடுத்தான். ஜாதகப் பொருத்தம்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் பாய் என்று கடைக்காரன் ஹிந்தியில் சிரித்தானாம்.

எல்லாம் புதிது. கண்ணில் மாட்டுகிற ஹெட்செட் மட்டும் பழசு.

காரணம் இருந்தது. அவனுக்குப் பிடித்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அதன் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைச் சுழற்றினால் இரண்டு லென்ஸும் கிட்டே வரும், தள்ளிப் போகும். போடுகிறவரின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டரோ, அதற்குச் சரியாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் தேடியதில் கொண்டாப்பூரில் ஒருவர் அதே மாடலை விற்பதாகப் போட்டிருந்தார். கூடவே யோக் என்கிற விமானத்து ஸ்டீரிங்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியும்.

அந்த மனிதரின் பெயர் சாய்குமார். மேலே வீட்டுக்கு அழைக்கவில்லை. பெட்டியோடு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்கே இறங்கி வந்தார். மகளுடையது என்றார். இப்போது அவள் ஓட்டுவதில்லையா என்று அச்யுத் கேட்டான். பதிலுக்கு அவர்தான் கேள்வி கேட்டார். யாருக்கு வாங்குகிறீர்கள்? தங்கைக்கா? வயது என்ன? உயரம்? வலது கைப் பழக்கம்தானே? கண் இடைவெளி எவ்வளவு?

வேறு யாராக இருந்தாலும் 'உமக்கெதற்கு ஐயா?' என்றிருப்பார்கள். அச்யுத் மகிழ்ந்துபோனான். பொருத்தம் பார்த்துக் கொடுக்கிற ஆள்! கண்ணாடிக் கடையில் அளந்த எண்ணைச் சொன்னான்: அறுபத்து நாலு.

சாய்குமார் மனசுக்குள் கழித்துப் பார்த்தார்.

"என் பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு" என்றார் தெலுங்கில். "தூரம் கொஞ்சம் ஜாஸ்திதான். பரவாயில்லை பாபு. போடப் போடச் சரியாயிடும்."

கண் இடைவெளி என்பது எலும்பு. போடப் போட அது எப்படிச் சரியாகும் என்று அச்யுத்துக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வீட்டின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். விமானத்தில் இரண்டு பைலட்டுகள் கட்டுப்பாட்டைக் கைமாற்றிக்கொள்ள ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறவர் "ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்பார். கொடுக்கிறவர் "யூ ஹாவ் கண்ட்ரோல்" என்று பதில் சொல்லிவிட்டுக் கையை எடுப்பார். அந்தப் பதில் வரும்வரை கைமாறியதாகக் கணக்கில்லை. அப்பா இதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுப்பில் பால், ஸ்கூட்டர் சாவி, டி.வி. ரிமோட், எதைக் கைமாற்றினாலும் இதுதான். லலிதாம்பாள்கூட, கேட்டால் குழம்புக் கரண்டியை நீட்டி "யூ ஹாவ் கண்ட்ரோல்" என்பாள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, ஒருவர் கண்ட்ரோல் கேட்டதுமே ஸ்ரேயாவின் வாயிலிருந்து பதில் தானாக வரும். யோசித்து வராது.

அச்யுத் மாடி அறையில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தான். பெட்டியைத் திறந்தபோதே ஒரு வாசனை. டால்கம் பவுடர். ஏதோ அந்தப் பெண் பூசிக்கொண்டது என்று விட்டுவிட்டான்.

ஸ்ரேயா நாற்காலியில் உட்கார்ந்தாள். த்ராட்டிலைத் தொடும் முன் வலது கைக் கட்டைவிரலால் நாலு விரல் நுனியையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டாள். சின்ன வயதில் விரல் விட்டு சுலோகம் எண்ணிய பழக்கம். பரீட்சைக்கு முன், ஸ்கூட்டர் எடுக்கும் முன், எப்போதும் செய்வாள். அப்புறம் ஹெட்செட்டை மாட்டினாள்.

"அண்ணா, என்ன இது? விமானத்துக்குள்ள தரைதான் தெரியறது."

நேரே பார்த்தால் ஜன்னல் தெரிய வேண்டும். தெரிந்தது தரை. ஹெட்செட், தனக்கு 'நேரே' என்பதை மேல்பக்கமாக வைத்திருந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு போட்டவர்களுக்குத்தான் அப்படி அமையும். அச்யுத் சரிசெய்தான். மறுநாள் மறுபடி தரை.

திருகும் அப்படித்தான். அறுபத்து நாலில் வைத்துவிட்டுப் போவான். காலையில் வந்து பார்த்தால் ஐம்பத்தெட்டு.

அவன் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டான். கேபிளை மாற்றினான். அப்புறம் கார்டை. அப்புறம் பவர் சப்ளையை, மதர்போர்டை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டு சி.டி.சி.க்கும் வீட்டுக்கும் நடந்தான். மாற்றாதது ஹெட்செட் ஒன்றுதான். அவன் அலைந்து திரிந்து தேர்ந்தெடுத்த மாடல் அல்லவா?

முகத்தில் படுகிற பஞ்சை மட்டும் புதிதாக ஒட்டினான். மறுநாள் அது ஈரமாக இருந்தது. யாரும் போட்டிருக்கவில்லை.

பவுடர் வாசனையும் போகவில்லை.

இதற்கு நடுவில் ஸ்ரேயா நன்றாக இறக்கினாள். குறுக்குக் காற்றிலும் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் உட்கார்ந்தது. அச்யுத் தெருவெல்லாம் பெருமை பேசினான். அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னாள்:

"நான் இறக்கலை, அண்ணா. வலது சீட்ல யாரோ இருக்கா."

அம்மா சாதத்தைப் போடாமல் நின்றாள்.

அச்யுத் சிரித்தான். மானிட்டரில் நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், வலது இருக்கை காலி என்றான். விமானத்துக்குள் ஸ்ரேயாவின் கைகள் இரண்டும் கறுப்புக் கையுறை போட்டவை. சிமுலேட்டர் அப்படித்தான் வரைந்து காட்டும். மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது, அண்ணா, என்றாள் அவள். கையுறை இல்லாத கை. மெலிந்த கை. புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. என் கைக்கு அடியில் இருந்துகொண்டு அதுதான் த்ராட்டிலைத் தள்ளுகிறது.

"எனக்கு நக்கோ, அண்ணா, வேண்டாம். அதைத் திருப்பிக் கொடுத்துடு."

அப்போது அச்யுத் ஒன்று சொன்னான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தோக்கறதுக்கு இப்பவே காரணம் தேடிண்டாச்சா? போன தடவை காத்து. இந்தத் தடவை பேய். பலே."

ஸ்ரேயா எழுந்தாள். கை கழுவினாள். மாடிக்கு ஏறினாள்.

அவனும் பின்னால் போனான்.

மதியம்தான். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். கட்டைவிரல் நாலு விரல்களையும் தொட்டது. திரையில் பேகம்பேட்டை விமான நிலையத்து ஓடுபாதை. பலத்த குறுக்குக் காற்று. அச்யுத் வழக்கம்போல அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான், ஆசிரியர் மாதிரி.

ஆலங்கட்டி மழை ஆரம்பித்தது.

தகரக் கூரையில் டமடமவென்று விழுந்தது. பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது. மானிட்டரில் ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. வலது இருக்கை... காலி.

திடீரென்று அவனுக்கு ஒன்று நினைவு வந்தது.

மானிட்டரில் தெரிவது ஒரு கண்ணின் காட்சி. இடது கண்ணுடையது மட்டும். வலது கண் எதைப் பார்க்கிறது என்று அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

வலது கண்ணுக்கு மாற்றினான்.

அதே விமானம். அதே ஓடுபாதை.

த்ராட்டிலின் மேல்... கையுறை இல்லாத கை.

பிளாஸ்திரி.

அந்தக் கை அசையாமல் இருந்தது. காத்திருந்தது.

ஸ்ரேயாவின் உதடு அசைந்தது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. சாவியைக் கொடுக்கும்போது சொல்கிற மாதிரி, சாதாரணமாக...

"யூ ஹாவ் கண்ட்ரோல்."

அச்யுத் எதுவும் கேட்கவில்லை.

அவன் வாயையே திறக்கவில்லை.

திரையில் அந்தக் கை விரல்களை மடக்கி த்ராட்டிலைப் பிடித்தது. நாற்காலியில் ஸ்ரேயாவின் வலது கை... வழுக்கி... மடியில் விழுந்தது.

விமானம் மிக அழகாக இறங்கியது.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தான். "நீதானே கேட்டே, அண்ணா?" என்றாள் அவள். "உன் பக்கத்துலேர்ந்துதானே குரல் வந்தது?"

கை எழவில்லை.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. மூளைப் படம், கழுத்துப் படம், நரம்பில் மின்சாரம் விட்டுச் சோதனை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மனம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், தேர்வு பயம் என்றார்கள். மே மாதம் வந்தது, போனது. மூன்றாவது முறைக்கு ஸ்ரேயா போகவில்லை. அம்மா அவளுக்குச் சாதம் பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போதெல்லாம் அச்யுத்தைப் பார்ப்பாள். "பொருத்தம் பாத்துப் பாத்து வாங்கினியே, அச்சு" என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கு மேல் அவனோடு பேசவில்லை.

ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டாப்பூர் போனான். இந்த முறை லிஃப்டில் ஏறி நேராக வீட்டுக் கதவையே தட்டினான்.

கதவு திறந்ததும் அந்த வாசனை. டால்கம் பவுடர்.

கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் மல்லாந்தபடி ஒரு பெண். தேஜஸ்வினி. ஸ்ரேயா வயதுதான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இரண்டு வருஷம். கழுத்துக்குக் கீழே அசைவே கிடையாது. முதுகில் படுக்கைப் புண் வராமலிருக்க நர்ஸ் அடியில் கை விட்டுப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

உயிரோடு இருக்கிறவளுக்குப் பேய் உண்டா? அச்யுத் கையிலிருந்த ஹெட்செட்டைப் பார்த்தான்.

சாய்குமார் மறைக்கவே இல்லை. அதுதான் கொடுமை. நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவளும் பைலட் ஆக ஆசைப்பட்டவள் என்றார். படுத்தபடியே அந்த ஹெட்செட்டை மாட்டிவிடுவாராம். த்ராட்டிலை அவர் பிடித்துக்கொள்ள, அவள் சொல்லச் சொல்ல ஓட்டுவாராம். கை வேணும் நானா, கை வேணும் நானா என்று தெலுங்கில் அப்பாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டே இருப்பாளாம்.

"ஆலங்கட்டி மழை பெஞ்சதே, அன்னிக்கு மத்தியானம்" என்றார். "மழை சத்தத்துல அவ என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கலை. திரும்பிப் பாக்கறேன். தண்ணி டம்ளரைத் தானே எடுக்கறா, பாபு."

கட்டிலில் அந்த வலது கை அசைந்தது. புறங்கையில் பிளாஸ்திரி. ஸ்பூனை எடுக்கப் போனது.

எடுக்கும் முன், கட்டைவிரல் நாலு விரல் நுனியையும் வரிசையாகத் தொட்டது.

அச்யுத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"தெரிஞ்சேதானே கொடுத்தீங்க?"

"நான் எல்லாம் கேட்டேனே. நீங்கதானே பதில் சொன்னீங்க? உங்களுக்கு முந்தி ரெண்டு பேர் வாங்கிட்டுப் போனாங்க. பொருந்தலை, திரும்பி வந்துடுச்சு." சாய்குமார் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க கம்ப்யூட்டர் ஓடலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பாப்பீங்கள்ல? நானும் அப்படித்தான்."

அச்யுத் போனை எடுத்தான். ஸ்ரேயாவைக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வாங்கினவள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"சொல்லு, ஸ்ரேயா. இந்தத் தடவை நீ கேளு."

போனில் மூச்சுச் சத்தம். அப்புறம் குரல்.

"ஐ ஹாவ் கண்ட்ரோல்."

தேஜஸ்வினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐ ஹாவ் கண்ட்ரோல்." குரல் உடைந்தது. "ப்ளீஸ்... ஐ ஹாவ் கண்ட்ரோல்..."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு பதில். நர்ஸ்கூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

தேஜஸ்வினி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் கை மெதுவாக எழுந்தது. கட்டைவிரல் நாலு விரல்களைத் தொட்டது. போனை அணைத்தது.

ஹெட்செட்டை அங்கேயே போட்டுவிட்டு அச்யுத் படி வழியாக ஓடினான். பின்னாலிருந்து சாய்குமாரின் குரல் அவசரமில்லாமல் வந்தது. "இனிமே அது எதுக்கு, பாபு?"

சாமான் அங்கே, தங்கை இங்கே, இதோடு போகட்டும் என்றுதான் அவன் நினைத்தான். இடது கையால் சாப்பிட, எழுத அவள் பழகினாள். எழுதும்போது தலை வலிக்கிறது, போட்டிருக்கிற கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பழைய கண்ணாடிக் கடைக்கே அழைத்துப் போனான்.

கடைக்காரர் ஸ்ரேயாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அளந்தார். பழைய சீட்டைப் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அப்புறம் சாதாரண ஸ்கேலையே மூக்கின் மேல் வைத்து அளந்தார்.

"இப்படி ஆகாதே, சார்" என்றார். "இது எலும்பாச்சே. மாறவே மாறாதே."

"எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு."

அச்யுத்தின் போன் அடித்தது.

சாய்குமார்.

எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தான்.

"பாபு, கண்ணு சரியாயிடுச்சாமே. எங்க பாப்பா சொல்லுது."

அவனுக்குப் பின்னால், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்ரேயாவின் இடது கை வழுக்கி மடியில் சரிய, அதிலிருந்த கண்ணாடிக் கூடு தரையில் விழுந்தது.